ஆட்டுக்கால் சூப், பிரண்டை, கொலாஜன் பவுடர்... மூட்டுக்கும் எலும்புக்கும் ஆய்வில் தேறியது எது?

காரைக்கால்மேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வந்து சேர்ந்ததும் முதலில் விலைபோவது வஞ்சிரம், இறால், நண்டுதான். ஏற்றுமதிக்கும் வெளியூர் ஓட்டல்களுக்கும் அவை ஐஸ் பெட்டியில் ஏறிவிடும். நெத்தலியும் மத்தியும் கூறு கூறாகக் கிடக்கும். மிஞ்சும் பொடிமீன்கள் வெயிலில் காய்ந்து கோழித்தீவனத்துக்குப் போவதும் உண்டு.

மூட்டுவலிக்காரர்கள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் ஒன்று குளுக்கோசமைன். அது பெரும்பாலும் நண்டு, இறால் ஓடுகளிலிருந்துதான் தயாராகிறது. ஆக, கடல் தந்த இரண்டு பொருள்கள். ஒன்று கூறு போட்டு மலிவாக விற்கிறது. இன்னொன்று பளபளப்பான டப்பாவில் பல நூறு ரூபாய்க்கு விற்கிறது. இரண்டில் எலும்புக்கு நல்லது என்று அறிவியல் சான்றோடு சொல்லக்கூடியது நெத்தலிதான். மூட்டைக் காக்கும் என்று விற்கப்படும் மாத்திரை அந்தப் பரீட்சையில் இன்னும் தேறவில்லை.

இப்படிச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். "எங்க அம்மாவுக்கு அந்த மாத்திரையாலதான் வலி குறைஞ்சுது" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

வெற்று மாத்திரைக்கும் குறைந்த வலி

குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் இரண்டையும் சோதிக்க அமெரிக்க அரசின் நிதியில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலி இருந்த 1,583 பேர் அதில் கலந்துகொண்டார்கள். சிலருக்குக் குளுக்கோசமைன், சிலருக்குக் காண்ட்ராய்டின், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வலிநிவாரணி, சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து, 2006-ல் முடிவு வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 60 சதவிகிதம் பேருக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது! குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் குழுக்கள் அதைத் தெளிவாகத் தாண்டவில்லை. கடும் வலி இருந்த ஒரு சிறு பிரிவினருக்கு மட்டும் கலவை மாத்திரை உதவியதுபோலத் தெரிந்தது. அந்தச் சிறு எண்ணிக்கையை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

மூட்டுவலி ஏறி இறங்கும் வலி. உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புது வைத்தியம் தேடுவோம். அதன் பிறகு வலி தானாக இறங்கினாலும் பெயர் கிழங்குக்கோ, லேகியத்துக்கோ, மாத்திரைக்கோ போய்விடுகிறது. பக்கத்து வீட்டு அக்காவின் அனுபவம் சான்றாகாது என்று விஞ்ஞானிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஐரோப்பாவில் உணவுப் பொட்டலத்தில் 'எலும்புக்கு நல்லது' என்று அச்சிட வேண்டுமென்றால், அங்குள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆதாரங்களைப் பரிசீலித்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான வாசகங்கள் அங்கே போயின. 2012-ல் வெளியான பட்டியலில் 222 வாசகங்களுக்குத்தான் அனுமதி. எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி, புரோட்டீன் போன்றவை தேறின. தசைக்குப் புரோட்டீன் தேறியது. மூட்டுக்கு என்று வந்த குளுக்கோசமைனும் கொலாஜனும் தேறவில்லை. குருத்தெலும்பின் கொலாஜன் உருவாக உதவும் சத்து என்று அனுமதி பெற்றது எது தெரியுமா? வைட்டமின் சி. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் தாராளமாக இருக்கும் அதே சத்து.

சூப்பில் இறங்காத கால்சியம்

ஆட்டுக்கால் சூப்பில் எலும்புச் சத்து முழுவதும் இறங்கிவிடும் என்பது நம் வீடுகளில் பழைய நம்பிக்கை. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் குழந்தைகளுக்குக் கொடுத்த எலும்பு சூப்பை மெக்கான்ஸ், ஷெல்டன், விட்டோசன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1934-லேயே அளந்து பார்த்துவிட்டார்கள். சூப்பில் இறங்கியிருந்த கால்சியம் சொற்பம். எலும்பில் கால்சியம் உப்பு இறுகிக் கிடக்கிறது. வெந்நீரில் கொதித்தால் மட்டும் அது கரைந்து வராது. பிந்தைய அளவீடுகளும் இதையே சொல்கின்றன: ஒரு கிண்ண சூப்பில் கிடைப்பது ஒரு நாள் தேவையில் 5 சதவிகிதத்துக்கும் குறைவு.

சூப் ஆறினால் கட்டியாக உறைகிறதே, அது ஜெலட்டின். கொலாஜன் வெந்து மாறிய புரோட்டீன். அது வயிற்றில் செரித்துச் சிறு துண்டுகளாகத்தான் ரத்தத்தில் சேரும். 'முழங்கால்' என்று முகவரி எழுதி அனுப்ப முடியாது. சளி பிடித்த நாளில் மிளகு தூக்கலாகக் குடிக்க ஆட்டுக்கால் சூப்புக்கு ஈடில்லை. கால்சியம் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்க வேண்டாம்.

முள்ளோடு மென்றால் பாலுக்குச் சமம்

எலும்பைக் கொதிக்க வைத்தால் வராத கால்சியம், எலும்பையே மென்று தின்றால் வரும். ஆட்டெலும்பை மெல்ல முடியாது. நெத்தலி முள்ளை மெல்லலாம்.

இதைச் சோதித்தவர்களில் ஒருவர் சகுந்தலா ஹரக்சிங் தில்ஸ்டட். இந்திய வம்சாவளியில் டிரினிடாட்டில் பிறந்தவர். வங்கதேசத்து ஏழைகளின் தட்டில் சிறு மீன் செய்யும் வேலையை ஆராய்ந்தவர். 2021-ன் உலக உணவுப் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. அவரும் டென்மார்க் ஆய்வாளர்களும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், சிறு மீனை முள்ளோடு சாப்பிட்டவர்களின் உடல் அதிலிருந்த கால்சியத்தில் சுமார் 24 சதவிகிதத்தை உறிஞ்சியது. பாலிலிருந்து உறிஞ்சியது சுமார் 22 சதவிகிதம். அதாவது, பால் பிடிக்காதவர்களுக்கும் பால் குடித்தால் வயிறு உப்புபவர்களுக்கும் நெத்தலி வறுவல் நல்ல மாற்று.

ஒரு விஷயம் மட்டும் முக்கியம். முள்ளை எடுத்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. மத்தி போன்ற கொஞ்சம் பெரிய மீனை, புளி ஊற்றி குக்கரில் நன்றாக வேகவிட்டால் முள்ளும் மெத்தென்றாகிவிடும்.

காரைக்காலில் கிளிஞ்சல்மேடு என்றே ஒரு மீனவர் கிராமம் உண்டு. கிளிஞ்சல் என்பது கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட். மருந்துக்கடைக் கால்சியம் மாத்திரைகள் பலவற்றிலும் அதே பொருள்தான். வெற்றிலைச் சுண்ணாம்பிலும் கால்சியம் இருக்கிறதே என்று தாத்தா பாட்டிகள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால், கூடவே வாய்க்குள் போகும் பாக்கைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்திருக்கிறது.

கேழ்வரகு, கீரை, பிரண்டை

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மி.கி. கால்சியம் வேண்டும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மி.கி. வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மி.கி. இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் 118 மி.கி. அரிசியில் 10 மி.கி.கூடத் தேறாது. மூன்று வேளையும் சோறு உண்ணும் டெல்டாக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரு வேளை கேழ்வரகுக்கூழ் அல்லது அடை என்று மாற்றினாலே பெரிய வித்தியாசம்.

இருப்பது வேறு, உடம்பில் சேர்வது வேறு. பாலக்கீரையில் கால்சியம் நிறைய உண்டு. ஆனால், அதிலுள்ள ஆக்ஸலேட் அதைக் கட்டிப்போட்டுவிடுவதால் 5 சதவிகிதம் போலத்தான் உடலில் சேர்கிறது.

பிரண்டையின் கதையும் கொஞ்சம் அப்படித்தான். அரியும்போது கை அரிக்கிறதே, அதற்குக் காரணம் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள். அதனால்தான் நல்லெண்ணெயில் வதக்கிப் புளி சேர்த்துத் துவையல் அரைக்கிறோம். 'எலும்பு ஒட்டி' என்று பெயரெடுத்த இந்தக் கொடியை 1960-களில் காசி இந்து பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் விலங்குகளிடம் சோதித்தார்கள். எலும்பு முறிவு வேகமாகக் கூடியது. நம்பிக்கையூட்டும் தொடக்கம். ஆனால், அரை நூற்றாண்டு கடந்தும் மனிதர்களிடம் நடந்தவை சிறு ஆய்வுகளே. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சி செய்யும் 29 ஆண்களுக்கு மூட்டுவலி குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரைக் குழுவே அதில் இல்லை. 60 சதவிகிதக் கதையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பிரண்டையைத் துவையலாக உண்பதில் தவறில்லை. முறிந்த காலுக்கு அதுவே கட்டு என்று நம்புவதுதான் ஆபத்து.

முடக்கத்தான் தோசைக்கும், கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு சூப்புக்கும் ஆதாரம் பெரும்பாலும் ஆய்வகத்தோடும் எலிகளோடும் நின்றுவிடுகிறது. மஞ்சள் கொஞ்சம் முன்னே நிற்கிறது. தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் நடந்த 2014-ம் ஆண்டு ஆய்வில், மஞ்சள் சாறு ஐபுப்ரோஃபென் மாத்திரைக்கு ஈடாக வலியைக் குறைத்தது. ஆனால், அது நாளுக்கு 1,500 மி.கி. செறிவூட்டிய சாறு. சாம்பாரில் போடும் சிட்டிகை மஞ்சளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

'மூன்றே நாளில் குணம்' பொடிகள்

உணவை நம்பி ஏமாந்தால் போவது பணம். சில பொடிகளை நம்பினால் எலும்பே போய்விடும். மூலிகை என்று விற்கப்படும் மூட்டுவலிப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை மருத்துவர்கள் ஆய்வகச் சோதனைகளில் கண்டறிந்திருக்கிறார்கள். சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துபோகும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், மாதக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பு அரித்துப்போகும். லேபிள் இல்லாத பொடி அதிசயம்போல வேலை செய்தால் சந்தேகப்பட வேண்டும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால், அந்தப் பொடியையே கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

வாத நோயைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 1954-லேயே வந்துவிட்டது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களின் கையைவிட்டு வந்ததும் அதே ஆண்டில்தான். உணவு விளம்பரங்களுக்கு 2018-ல் தனி விதிமுறைகள் வந்தன. 2024-ல் ஆன்லைன் கடைகள் மால்ட் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' வரிசையிலிருந்து எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளுக்குத்தான் எந்தச் சட்டமும் எட்டவில்லை.

வெயிலும் நடையும்

காரைக்காலில் பல குடும்பங்களுக்குப் பிரான்ஸில் உறவினர்கள் உண்டு. எலும்புக்கான மிக வலுவான சான்றுகளில் ஒன்றும் அந்த நாட்டிலிருந்தே வந்தது. முதியோர் இல்லங்களில் வசித்த, சராசரி வயது 84 உள்ள 3,270 பெண்களில் ஒரு பாதிக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். 18 மாதங்களில் அவர்களிடம் இடுப்பெலும்பு முறிவு 43 சதவிகிதம் குறைந்தது. 1992-ல் வந்த முடிவு இது. அதற்காக எல்லோரும் வைட்டமின் டி வாங்கி விழுங்க வேண்டியதில்லை. 25,871 அமெரிக்கர்களிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், பொதுவாக ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கு வைட்டமின் டி மாத்திரை எலும்பு முறிவைக் குறைக்கவில்லை. குறை இருப்பவருக்குத்தான் நிரப்பினால் பலன்.

'காலை இளவெயிலில் வைட்டமின் டி' என்பதையும் திருத்திக்கொள்ள வேண்டும். திருப்பதியில் நடந்த ஆய்வுகளின்படி, தோலில் வைட்டமின் டி உருவாக ஏற்ற நேரம் காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கொஞ்ச நேரம் போதும், வாடி வதங்க வேண்டாம்.

சேக்கிழார் சொல்லும் கதையில், தசையை உதறிவிட்டு எலும்புருவம் வேண்டிப் பெற்றவர் காரைக்கால் அம்மையார். மற்ற நமக்கெல்லாம் தசையும் வேண்டும். அதற்கு உளுந்தங்களி, முட்டை, மீன், பயறு எல்லாம் புரோட்டீன் தரும். ஆனால், சாப்பாடு மட்டும் போதுமா? பாஸ்டனில் சராசரி வயது 87 கொண்ட 100 முதியவர்களிடம் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வெளியானது. பத்து வாரம் எடை தூக்கிக் கால்களுக்குப் பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை இரு மடங்குக்கு மேல் கூடியது. பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலனில்லை.

முழங்காலுக்கும் இதே மருந்துதான். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. இதற்கு நிகரான பலனைக் காட்டிய பவுடர் எதுவும் இல்லை.

காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கமாக இருந்தால், வீங்கியிருந்தால், அது தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குச் சமையலறையில் தீர்வு தேடி ஆறு மாதத்தைக் கழித்தால் மூட்டு கோணிவிடும். சீக்கிரம் மருத்துவரிடம் போனால் மூட்டைக் காக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. குளுக்கோசமைன் ஏற்கெனவே சாப்பிடுபவர்கள், இறால் நண்டு அலர்ஜி இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தாலோ அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது பச்சை நெத்தலி அரிது, கருவாடுதான். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்புப் போடாமல் காயவைத்த நெத்தலியைக் கேட்டு வாங்கலாம். கிடைக்காவிட்டால் வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை அலசிவிட்டால் உப்பு கணிசமாக இறங்கிவிடும். மணல் போக அலசி, தலையைக் கிள்ளிவிட்டு, முள்ளோடு அப்படியே வறுக்கலாம்.