கானாவின் வணிகக் கொள்கையில் சுற்றுச்சூழல்

கானா மேற்கு ஆப்பிரிக்காவில், கினி வளைகுடாக் கரையில் அமைந்துள்ள நாடு. பிரித்தானியர் ஆட்சியில் தங்கக் கடற்கரை என அழைக்கப்பட்ட இந்நாடு 1957 மார்ச் 6 அன்று விடுதலை பெற்றது. தலைநகர் அக்ரா, முதன்மைத் துறைமுகம் தேமா. தங்கம், கச்சா எண்ணெய், கொக்கோ ஆகிய மூன்றும் இதன் ஏற்றுமதி வருவாயில் பெரும்பங்கு வகிக்கின்றன. பிற நாடுகளில் பயன்படுத்திக் கழித்த கார்கள், மின்கருவிகள், ஆடைகள் ஆகியவை பெருமளவில் இறக்குமதியாகின்றன.

இதனால் கானாவின் வணிகக் கொள்கையில் சுற்றுச்சூழல் தொடர்பாக இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஏற்றுமதியாகும் பொருளுக்காக உள்நாட்டில் எந்தக் காடும் ஆறும் அழிகின்றன? இறக்குமதியாகும் பொருள் பழுதானபின் எங்கே போய்ச் சேர்கிறது? இவற்றுக்குக் கானா இதுவரை கண்ட விடைகளில் சில பலன் தந்தன. சில பாதியில் நின்றன.

சட்டப் பின்னணி

உலக வணிக அமைப்பு தொடங்கப்பட்ட 1995 முதல் கானா அதன் உறுப்பினராக உள்ளது. இவ்வமைப்பின் விதிகள் பொதுவாக இறக்குமதித் தடைகளை ஏற்பதில்லை. ஆனால் காட் ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவு ஒரு விலக்கு அளிக்கிறது. மனிதர், விலங்கு, தாவரம் ஆகியவற்றின் உயிரையும் நலத்தையும் காக்கவும், தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளங்களைப் பேணவும் ஒரு நாடு வணிகத்தைக் கட்டுப்படுத்தலாம். அக்கட்டுப்பாடு உள்நாட்டுத் தொழிலுக்கு மறைமுகச் சலுகையாக இருத்தல் கூடாது என்பது நிபந்தனை.

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்தின் பொதுச் சுங்கவரியைக் கானா 2016 முதல் பின்பற்றுகிறது. எனவே தன் விருப்பம்போல் சுங்கவரியை உயர்த்திப் பொருள்களைத் தடுப்பது அதற்கு எளிதன்று. தடை, தரநிர்ணயம், உரிமம் ஆகிய கருவிகளே பெரிதும் கையாளப்படுகின்றன. உள்நாட்டில் இவற்றுக்குத் துணையாக 1994இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைச் சட்டமும், 1999இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளும் வந்தன.

பழைய குளிர்சாதனப் பெட்டிகள் மீதான தடை

கானாவின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் நன்கு அறியப்பட்டது இது. ஐரோப்பாவில் கழிக்கப்பட்ட குளிர்சாதனப் பெட்டிகள் பல ஆண்டுகளாகக் குறைந்த விலைக்குக் கானாவில் விற்கப்பட்டன. வாங்கும்போது மலிவு, ஆனால் அவை புதிய பெட்டிகளைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுத்தன. பலவற்றில் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் வாயுக்களும் இருந்தன. 1965இல் கட்டி முடிக்கப்பட்ட அகோசோம்போ அணையின் நீர்மின்சாரத்தைப் பெரிதும் நம்பியிருந்த நாட்டில், மழை குறைந்த ஆண்டுகளில் இந்தக் கூடுதல் செலவு மின்வெட்டாக மாறியது.

2008இல் வெளியான விதிமுறை, பழைய குளிர்சாதனப் பெட்டிகள், உறைபெட்டிகள், ஏசி கருவிகள், இழை மின்விளக்குகள் ஆகியவற்றின் இறக்குமதியை மட்டுமல்லாமல் உற்பத்தியையும் விற்பனையையும் தடை செய்தது. உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் ஒரே விதி என்பதால் காட் நிபந்தனைக்கும் இது பொருந்துகிறது. பழைய பெட்டிகள் மீதான தடை 2013 சனவரி முதல் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது.

தடையுடன் மாற்று ஏற்பாடும் செய்யப்பட்டது கவனிக்கத்தக்கது. பழைய பெட்டியை ஒப்படைப்பவருக்குப் புதிய, மின்சாரம் குறைவாகச் செலவாகும் பெட்டியின் விலையில் தள்ளுபடி வழங்கும் திட்டத்தை எரிசக்தி ஆணையம் நடத்தியது. விளக்குகளிலும் இதே முறை கையாளப்பட்டது. 2007இல் சுமார் 60 லட்சம் சிஎஃப்எல் விளக்குகள் மக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட பின்னரே இழை விளக்குகள் தடை செய்யப்பட்டன.

மின்னணுக் கழிவும் பழைய வாகனங்களும்

அக்ராவின் அக்போக்ப்லோசி பகுதி, பழைய கணினிகளையும் கம்பிகளையும் எரித்துச் செம்பு பிரித்தெடுக்கும் இடமாக உலகச் செய்திகளில் இடம்பெற்றது. புகையையும் ஈயத்தையும் சுவாசித்த தொழிலாளர்களில் பலர் வறண்ட வடபகுதியிலிருந்து பிழைப்பு தேடி வந்த இளைஞர்கள். 2016இல் இயற்றப்பட்ட அபாயகர, மின்னணுக் கழிவு மேலாண்மைச் சட்டம், இறக்குமதியாகும் மின்கருவிகள் மீது சூழல் கட்டணம் விதித்து, அத்தொகையை மறுசுழற்சிக்குச் செலவிட வழிசெய்தது. பொருளைக் கொண்டுவருபவரே அதன் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. 2021 சூலையில் அக்போக்ப்லோசி பழம்பொருள் சந்தை இடிக்கப்பட்டது. ஆனால் தொழில் மறையவில்லை. நகரின் வேறு இடங்களுக்குச் சிதறியது.

வாகனங்களில் நிலைமை வேறு. 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களையும் விபத்தில் சேதமான கார்களையும் இறக்குமதி செய்யத் தடைவிதிக்கும் சுங்கத் திருத்தச் சட்டம் 2020இல் நிறைவேறியது. கார் வணிகர்களும் பழுதுபார்ப்போரும் எதிர்த்ததால் நடைமுறைப்படுத்துவது நிறுத்திவைக்கப்பட்டது. புதிய கார் வாங்க இயலாத நடுத்தர வருவாயினருக்குக் குளிர்சாதனப் பெட்டித் திட்டத்தைப் போன்ற தள்ளுபடி எதுவும் இங்கு இருக்கவில்லை.

மர ஏற்றுமதி

ஒடும், மகோகனி முதலிய மரங்களுக்காகக் கானாவின் காடுகள் நெடுங்காலம் வெட்டப்பட்டன. 1990களின் நடுப்பகுதியில் உருட்டு மரங்களின் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. அறுத்த பலகையாகவும் மெல்லிய மரத்தகடாகவும் மாற்றி விற்றால் வேலைவாய்ப்பு பெருகும், வெட்டும் குறையும் என எதிர்பார்க்கப்பட்டது. முதல் நோக்கம் ஓரளவு நிறைவேறியது. இரண்டாவது நிறைவேறவில்லை. ஏற்றுமதி இல்லாததால் உள்நாட்டில் மரம் மலிவானது. அறுவை ஆலைகள் காடு தாங்கும் அளவைமீறிப் பெருகின. சங்கிலி வாளால் சட்டவிரோதமாக அறுக்கப்பட்ட பலகைகள் உள்ளூர்ச் சந்தையை நிரப்பின.

இப்பட்டறிவு 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் செய்த தன்னார்வக் கூட்டு ஒப்பந்தத்தில் எதிரொலித்தது. இத்தகைய ஒப்பந்தத்தில் முதலில் இணைந்த நாடு கானா. மரத்தை வெட்டிய இடத்திலிருந்து துறைமுகம் வரை தடமறிந்து, சட்டப்படி வெட்டப்பட்டதற்குச் சான்றளிப்பது இதன் சாரம். உள்நாட்டுச் சந்தைக்கான மரத்தையும் இம்முறைக்குள் கொண்டுவரக் கானா ஒப்புக்கொண்டது. வடபகுதியின் ஆப்பிரிக்க ரோஸ்வுட் மரத்தை வெட்டவும் ஏற்றுமதி செய்யவும் 2019இல் தடை விதிக்கப்பட்டது. அதற்குமுன் பலமுறை தடை விதித்தும் கடத்தல் தொடர்ந்தது.

கொக்கோவும் தங்கமும்

கொக்கோ உற்பத்தியில் கோட் டிவாருக்கு அடுத்த நிலையில் கானா நெடுங்காலம் இருந்துவருகிறது. சுமார் 8 லட்சம் சிறு விவசாயிகள் இதனை நம்பியுள்ளனர். பழைய தோட்டத்தின் மண் வளம் குன்றும்போது புதிய காட்டை வெட்டிப் பயிரிடுவது பழைய வழக்கம். 2017இல் கானா, கோட் டிவார் அரசுகளும் பெரிய சாக்லேட் நிறுவனங்களும் கொக்கோ மற்றும் காடுகள் முன்முயற்சியில் கையெழுத்திட்டன.

2023இல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்புத் தடுப்பு ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த கொக்கோவை அங்கு விற்க முடியாது. இவ்விதி 2024 இறுதியில் நடைமுறைக்கு வருவதாக இருந்து, பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. இதற்காகக் கானா கொக்கோ வாரியம் விவசாயிகளைப் பதிவுசெய்து, ஒவ்வொரு தோட்டத்தின் எல்லையையும் அளந்து வரைபடமாக்கியது. விதியை வகுத்தது வாங்கும் நாடு. அளக்கும் செலவும் உழைப்பும் விற்கும் நாட்டுக்கு. கொக்கோ விலையில் இதற்கு ஈடு கிடைக்காவிட்டால் சிறு விவசாயியே சுமையைத் தாங்குவார்.

அந்தச் சுமையைத் தாங்காதவர்களுக்கு அருகிலேயே வேறொரு வழி உள்ளது. அது கலம்சே எனப்படும் உரிமமற்ற சிறு தங்கச் சுரங்கம். பிரா, பிரிம், ஒஃபின் ஆறுகள் இதனால் சேற்று நிறமாயின, பாதரசமும் கலக்கிறது. பல கொக்கோ தோட்டங்கள் சுரங்கத்துக்காக விற்கப்பட்டுள்ளன. அரசின் போக்கிலும் முரண்பாடு இருந்தது. காப்புக்காடுகளில் சுரங்கம் தோண்ட அனுமதிக்கும் 2022ஆம் ஆண்டு விதிமுறை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2025இல் அமைக்கப்பட்ட கானா தங்க வாரியம் சிறு சுரங்கத் தங்கத்தை வாங்கும் பொறுப்பை ஏற்றது. வாங்கும் தங்கம் எங்கு எடுக்கப்பட்டது எனத் தடமறிவது இதன் முக்கியப் பணிகளில் ஒன்று.

மதிப்பீடு

துறைமுகத்தில் ஒரு பொருளைத் தடுப்பது காட்டுக்குள் ஒரு மரத்தைக் காப்பதைவிட எளிது. எனவே இறக்குமதி விதிகள் ஏற்றுமதி விதிகளைவிட விரைவாக நடைமுறைக்கு வந்தன. ஆயினும் எல்லா இறக்குமதி விதிகளும் நிலைக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டித் தடை நிலைத்ததற்கும் வாகனத் தடை நின்றுபோனதற்கும் இடையிலான வேறுபாடு, மலிவான பொருளை நம்பியிருந்தவருக்குக் கைக்கெட்டும் மாற்று கிடைத்ததா என்பதில்தான் பெரிதும் உள்ளது. கொக்கோவுக்கும் தங்கத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். மரத்தைக் காத்துப் பயிரிடும் விவசாயிக்கு அதற்கேற்ற வருவாய் கிடைத்தால்தான் நிலத்தைச் சுரங்கத்துக்கு விற்கும் தேவை குறையும்.