‘நான்தான் கப்டன்’ என்றவரின் கதை

“என்னைப் பார், இப்போது நான்தான் கப்டன்” என்று கண்கள் துருத்திய, மெலிந்த இளைஞர் ஒருவர் சொல்லும் படம் நமது வட்ஸ்அப் குழுமங்களில் இன்றும் சுற்றுகிறது. பள்ளிவாசல் நிர்வாகத் தெரிவிலிருந்து கிரிக்கெட் அணித் தலைவர் மாற்றம் வரை எல்லாவற்றுக்கும் அதைப் பகிர்கிறோம். ஆனால் அந்த முகத்துக்குரியவரின் பெயரைக் கேட்டால் பெரும்பாலானோருக்குத் தெரியாது.

அவர் பர்கத் அப்தி. 1985இல் மொகடிஷுவில் பிறந்த சோமாலிய முஸ்லிம். உள்நாட்டு யுத்தம் வெடித்தபோது குடும்பம் யெமனுக்குச் சென்றது. 1999இல், 14 வயதில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் குடியேறினார். சோமாலியர்கள் செறிந்து வாழும் நகரம் அது. அங்கே லிமோசின் ஓட்டினார், கையடக்கத் தொலைபேசிக் கடையில் நின்றார். நடிப்புக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை.

2009 ஏப்ரலில் ‘மர்ஸ்க் அலபாமா’ என்ற கப்பலை நான்கு சோமாலியர்கள் கடத்தினர். மூவரை அமெரிக்கக் கடற்படையினர் சுட்டுக் கொன்றனர். உயிரோடு பிடிபட்ட அப்துல்வலி முஸேக்கு 33 வருடம் 9 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதைப் படமாக்க முனைந்தவர்கள் சோமாலிய முகங்களைத் தேடி மினியாபொலிஸுக்கு வந்தார்கள். சமூக நிலையமொன்றில் நடந்த தேர்வுக்கு எழுநூறுக்கும் அதிகமானோர் திரண்டனர். முஸேயாக நடிக்கத் தெரிவானவர் அப்தி.

படப்பிடிப்பு மோல்டா தீவுக்கு அப்பால் கடலில் நடந்தது. கப்பலைக் கைப்பற்றும் காட்சி படமாகும்வரை சோமாலிய நடிகர்களை டொம் ஹேங்ஸின் கண்ணில் காட்டவேயில்லை. இருவரின் பதற்றமும் அசலாக இருக்க வேண்டும் என்பது இயக்குநர் போல் கிரீன்கிராஸின் எண்ணம். உலகப் பிரசித்தி பெற்ற அந்த வசனம் திரைக்கதையில் இருக்கவில்லை. அப்தி அந்த இடத்தில் தானாகச் சொன்னது.

2013இல் ‘கப்டன் பிலிப்ஸ்’ வெளியானது. அப்திக்கு பாஃப்டா விருது கிடைத்தது, ஒஸ்காருக்கும் பரிந்துரைக்கப்பட்டார். ஹேங்ஸுக்கு அந்த ஒஸ்கார் பரிந்துரை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி பணத்துக்கு வருவோம். படம் உலகெங்கும் 20 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. அப்தி பெற்றது 65,000 டொலர் என்று செய்திகள் வந்தன. புதுமுகத்துக்கு ஒருமுறைச் சம்பளம்தான், வசூலில் பங்கில்லை. படப்பிடிப்பு முடிந்ததும் அவர் தன் சகோதரரின் தொலைபேசிக் கடைக்கே வேலைக்குப் போனார். விருதுக் காலத்தில் அவர் அணிந்த ஆடைகள் இரவல் என்றும், பிரசாரத்துக்கு வரும் நாட்களில் ஸ்டூடியோ தரும் தினப்படியிலேயே சமாளித்தார் என்றும், வாடகை வாகனம் ஓட்டும் சோமாலிய நண்பர் இலவசமாக ஏற்றி இறக்கினார் என்றும் ‘நியூயோர்க்கர்’ சஞ்சிகை எழுதியது. சிவப்புக் கம்பளத்தில் நிற்பவரெல்லாம் செல்வந்தர் என்று நினைப்பவர்கள் இதை அறிய வேண்டும்.

சினிமா மார்க்கத்தில் எவ்வளவு தூரம் ஆகும் என்ற விவாதத்தை உலமாக்களிடம் விடுகிறேன். எனக்குள்ள கேள்வி வேறு. முஸ்லிம் நடிகர் ஒருவருக்கு ஹொலிவூட் திறந்த முதல் கதவு, துப்பாக்கி ஏந்திய கொள்ளையன் வேடம். அவர் மறுத்திருக்க வேண்டும் என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அந்த வேடத்தை அவர் மறுத்திருந்தால் வேறொருவர் வெறும் மிருகமாக நடித்திருப்பார். அப்தியின் முஸே பசித்தவன், பயந்தவன். வெளிநாட்டுக் கப்பல்கள் மீனையெல்லாம் அள்ளிச் சென்ற கதையைச் சொல்கிறான். மீன்பிடியும் ஆட்கடத்தலும் தவிர வேறு தொழிலே இல்லையா என்று கப்டன் கேட்கும்போது, அமெரிக்காவில் இருக்கலாம் என்கிறான். கொள்ளையை நான் நியாயப்படுத்தவில்லை. 2017 மார்ச்சில் ‘ஏரிஸ் 13’ கப்பலில் 8 இலங்கையர் சோமாலியக் கொள்ளையரிடம் சிக்கியபோது, அவர்கள் விடுதலையாகும்வரை நாமும் துஆவோடுதான் காத்திருந்தோம்.

இந்த நடிகரை நான் மதிப்பது அதற்குப் பின் வந்த படங்களுக்காகத்தான். ‘ஐ இன் த ஸ்கை’ படத்தில் நைரோபியில் இரகசியமாக இயங்கும் உளவாளி ஜமா ஃபராவாக வருகிறார். ட்ரோன் தாக்குதல் நடக்கப்போகும் வீட்டின் மதிலோரத்தில் ஒரு சிறுமி ரொட்டி விற்றுக்கொண்டிருக்கிறாள். ஏவுகணையை ஏவலாமா என்று லண்டனிலும் அமெரிக்காவிலும் அதிகாரிகள் திரைக்கு முன்னிருந்து சட்டம் பேசுகிறார்கள். அந்தத் தெருவில் நிற்பவர் ஜமா ஒருவரே. ரொட்டி முழுவதையும் வாங்கிவிட்டால் பிள்ளை வீட்டுக்குப் போய்விடுவாள் என்று காசோடு போகிறார். ஆயுததாரி ஒருவன் அவரை அடையாளம் கண்டுகொள்ள, ரொட்டியைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதாகிறது. பிள்ளை அவற்றைப் பொறுக்கி எடுத்து மீண்டும் மேசையில் அடுக்குகிறாள். பல நிமிடங்கள் மூச்சடக்கிப் பார்த்த காட்சி அது. அந்தப் படத்தில் ஒரு பிள்ளையின் உயிருக்காகத் தன் உயிரைப் பணயம் வைப்பவர் ஒரு சோமாலியர்.

எல்லாமே அப்படி அமையவில்லை. ‘பிளேட் ரன்னர் 2049’இல் சில நிமிடங்களே வருகிறார். ‘குட் டைம்’ படத்தில் இரவுக் காவலாளி. வெள்ளையினத் திருடன் அவரை அடித்துப்போட்டு அவருடைய சீருடையை அணிந்துகொள்ள, வந்த பொலிஸார் காவலாளியைத்தான் பிடித்துச் செல்கிறார்கள்.

2017இல் கடற்கொள்ளை பற்றிய இன்னொரு படம் வந்தது, ‘த பைரட்ஸ் ஒஃப் சோமாலியா’. அதில் அவர் கையில் துப்பாக்கி இல்லை. சோமாலியாவைப் பற்றி எழுத வந்த கனேடிய இளைஞனுக்கு, தன் மக்கள் பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்பவராக நடித்திருக்கிறார்.