காந்தத் துடிப்பும் இடைவெளியும்

மூளைக்கான காந்தத் தூண்டலில் காந்தத்தின் வலிமையை மட்டும் பார்த்தால் போதாது. துடிப்புகளை விடும் தாளமும் பலனின் போக்கை மாற்றும். 2005இல் லண்டன் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். கை அசைவை ஆளும் மூளைப்பகுதியில் 600 துடிப்புகளை 40 விநாடிகள் இடைவிடாமல் தந்தபோது அதன் தூண்டப்படும் தன்மை குறைந்தது. அதே 600 துடிப்புகளை 2 விநாடி தூண்டல், 8 விநாடி ஓய்வு என்று தந்தபோது அது கூடியது. எண்ணிக்கை ஒன்றே, இடைவெளிதான் வேறு.

எல்லாருக்கும் இப்படியே நடக்கிறதா என்றால், இல்லை; சிலருக்கு விளைவு நேர்மாறாகவும் வருகிறது. அதனால் இந்தத் தாளங்கள் வீண் என்று ஆகிவிடாது. ஆளுக்கேற்ப அவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்றே ஆகிறது. தேவைப்படும் வலிமையும் ஆளுக்கு ஆள் மாறும்; கை விரல் அசையத் தொடங்கும் அளவைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் அதைக் குறிக்கிறார்கள். இந்தத் தூண்டலைச் சிகிச்சையாகப் பெறப் போகிறவர் எத்தனை நாள் என்பதோடு என்ன தாளம், எவ்வளவு வலிமை என்றும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.