சிப்பந்திகள் உடற்பயிற்சியை விடாமல் செய்ய

ஐம்பது கிலோ மூட்டை சுமக்கிறவருக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஏரலில் என் கடையில் இருபது வருடம் மூட்டை தூக்கியவர் இடுப்பு வலியால் படுத்த பிறகே எனக்குப் புத்தி வந்தது. சுமப்பவருக்கு முதுகும் தோளும் இறுகுகின்றன. நாள் முழுதும் நின்று பொட்டலம் போடுகிறவருக்குக் கால் வீங்குகிறது.

ஜப்பானில் 1928 முதல் வானொலி இசைக்கு உடற்பயிற்சி செய்கிறார்கள். தொழிற்சாலைகளிலும் அது உண்டு. நம் நாட்டில் ஆயுஷ் அமைச்சகம் வேலையிடத்துக்கென்றே ‘ஒய் பிரேக்’ என்ற ஐந்து நிமிட யோகப் பயிற்சியை வகுத்திருக்கிறது. அதைத்தான் கடையில் தொடங்கினோம்.

முதல் வாரம் எல்லோரும் வந்தார்கள். இரண்டாம் வாரம் பாதிப் பேர் இல்லை. கோபத்தோடு கேட்டேன். “அண்ணாச்சி, சீக்கிரம் வரணும்னா நான் காலைச் சாப்பாட்டை விட்டுட்டுத்தான் பஸ் ஏறணும்” என்றான் ஒரு பையன். தவறு என்னுடையது. அவர்கள் நேரத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு நன்மை என்று பெயர் வைத்திருந்தேன்.

இப்போது கடை திறந்து பத்தி கொளுத்தியதும், சம்பள நேரத்திலேயே செய்கிறோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் நிற்கிறேன். சிரிக்கிறார்கள், ஆனால் வருகிறார்கள். வராதவருக்கு அபராதமில்லை. வலி உள்ளவரை டாக்டரிடம் கேட்டுவிட்டே செய்யச் சொல்கிறேன்.

உட்கார ஸ்டூலும் போட்டிருக்கிறேன். கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை வேண்டும் என்று 2021-லேயே தமிழகத்தில் சட்டத்திருத்தம் வந்துவிட்டது.

லாரி வரும் நாளில் சரக்கு இறங்கியபின் செய்கிறோம். தீபாவளி, பொங்கல் நெரிசலில் மட்டும் இன்னும் தடுமாற்றம்தான்.