போர் சேர்த்து வைத்த காதல்

ஏர்னஸ்ட் ஹெமிங்வேயின் 'எ ஃபெயார்வெல் டு ஆர்ம்ஸ்' நாவல் 1929இல் வெளிவந்தது. அதை வாசித்து முடித்தவர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது: 'கதாநாயகி பிரசவத்திலதானே மௌத்தாகிறா, அதுக்குப் போர் என்ன செய்யும்?' நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காதல் உருவான விதத்தைப் பார்த்தால்தான் அது அழிந்த விதமும் விளங்கும் என்பது என் எண்ணம்.

ஃபிரெடெரிக் ஹென்றி அமெரிக்கன். முதலாம் உலகப் போரில் இத்தாலியப் படையின் அம்புலன்ஸ் பிரிவில் லெப்டினன்ட். கேத்தரின் பார்க்லி பிரித்தானியத் தாதி. அவளுக்கு எட்டு வருடமாக நிச்சயிக்கப்பட்டிருந்தவன் சோம் சண்டையில் இறந்துபோனான். ஆரம்பத்தில் அவள் ஹென்றியை அந்த இறந்தவனின் இடத்தில் வைத்துத்தான் கதைக்கிறாள். அவனுக்கோ அது சீட்டு விளையாட்டு மாதிரி. காலில் காயப்பட்டு மிலான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதுதான் விளையாட்டு மெய்யாகிறது. ஆக, இவர்களைச் சேர்த்து வைத்ததே போர்தான்.

1917 ஒக்டோபரில் கபொரெட்டோவில் இத்தாலி தோற்கிறது. பின்வாங்கும் அதிகாரிகளைச் சொந்தப் படையே பிடித்துச் சுடுகிறது. ஹென்றி தலியமெந்தோ ஆற்றில் குதித்துத் தப்புகிறான். பிறகு கேத்தரினும் அவனும் இரவோடிரவாக மஜ்ஜோரே ஏரியில் தோணி வலித்து சுவிட்சர்லாந்து போய்ச் சேர்கிறார்கள்.

தப்பிவிட்டார்கள்தான். ஆனால் பக்கத்தில் சொந்தமில்லை, ஊரில்லை, முறையாகக் கலியாணம்கூட நடக்கவில்லை. போர் மற்றதையெல்லாம் பறித்ததில் அவர்களின் உலகம் இரண்டு பேராகச் சுருங்கிவிட்டது. பிள்ளை இறந்து பிறக்கிறது; இரத்தப் போக்கில் கேத்தரினும் போகிறாள். கடவுளை நேசிப்பதில்லை என்று பாதிரியாரிடம் ஒத்துக்கொண்ட ஹென்றி, அந்த நேரத்தில் அவளுக்காகக் கடவுளிடம் கெஞ்சுகிறான். அவள் போனபின் அவனுக்கு ஆறுதல் சொல்ல ஒரு ஆளில்லை; மழையில் தனியே நடந்து போகிறான்.

வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸிஸ் டாலோவே' (1925) இதன் மறுபக்கம். செப்டிமஸ் போரிலிருந்து உயிரோடு வருகிறான். தன்னால் எதையும் உணர முடியவில்லை என்ற பயத்தில்தான் மிலானில் தொப்பி தைக்கும் ரெசியாவை மணக்கிறான். லண்டனில் புருஷன் பக்கத்தில் இருந்தும் அவள் தனித்துப் போகிறாள்.

ஹெமிங்வேயிடம் காதல் இருக்கிறது, அதைத் தாங்க மனிதர்கள் இல்லை. வுல்ஃபிடம் மனிதர்கள் இருக்கிறார்கள், காதலிக்கும் மனம் செத்துவிட்டது. குண்டு படாமலேயே போர் ஒரு காதலை முடித்துவிடும் என்பதை இரண்டும் காட்டுகின்றன. ஆகவே, கேத்தரினின் மரணத்தில் போருக்குப் பங்கில்லை என்று என்னால் வாசிக்க முடியவில்லை.