என்ரிக்கின் சொந்த ஊர் எது?

பள்ளி விடுமுறையில் பேரனை மலாக்காவுக்கு அழைத்துப் போயிருந்தேன். மாசாயிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பயணம். மலாக்கா ஆற்றோரம் நிற்கும் கடல்சார் அருங்காட்சியகக் கப்பலில் ஏறி இறங்கியவன், "தாத்தா, இங்கேருந்து யாராச்சும் இப்படிக் கப்பல்ல தூரமா போயிருக்காங்களா?" என்று கேட்டான்.

"ஒருத்தர் போனாரு. உலகத்தையே சுத்தி வந்தாருன்னு சொல்லலாம். ஆனா, அவரா விரும்பிப் போகல" என்றேன்.

நான் சொன்னது என்ரிக்கைப் பற்றி. கடலோடி மெகல்லனின் அடிமையாக இருந்தவர் அவர். 1511இல் அல்புகெர்க் தலைமையில் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது, அந்தப் படையில் மெகல்லனும் இருந்தார். அப்போது அவர் கைக்கு வந்து சேர்ந்த இளைஞர்தான் இவர். ஞானஸ்நானம் செய்து 'என்ரிக்' என்று பெயர் வைத்தார்கள். பெற்றோர் இட்ட பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நம் நாட்டில் 'பங்ளிமா அவாங்' என்று சொல்கிறோமே, அது எழுத்தாளர் ஹருன் அமினுர்ரஷிட் தம் நாவலில் அவருக்குக் கொடுத்த பெயர்.

உயிலில் ஒரு வரி

மலாக்காவிலிருந்து மேற்கே போர்த்துகலுக்கும், பிறகு ஸ்பெயினுக்கும் எஜமானோடு போனார் என்ரிக். 1519இல் ஸ்பெயின் மன்னருக்காக ஐந்து கப்பல்களுடன் மெகல்லன் புறப்பட்டபோது, மொழிபெயர்ப்பாளராக இவரும் ஏறினார். சம்பளப் பட்டியலில் இவருக்கு மாதம் 1,500 மரவேதி என்று குறிக்கப்பட்டிருக்கிறது.

பயணத்துக்கு முன், 1519 ஆகஸ்ட் 24ஆம் தேதி, செவில் நகரில் மெகல்லன் உயில் எழுதினார். தாம் இறக்கும் நாளிலிருந்து என்ரிக் எல்லா அடிமைத்தனத்திலிருந்தும் விடுபட வேண்டும், அவருக்குத் தம் சொத்திலிருந்து 10,000 மரவேதி கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. என்ரிக் மலாக்கா நகரத்தவர், ஏறக்குறைய 26 வயது என்றும் அந்த உயில் சொல்கிறது.

அதே கப்பலில் பயணம் செய்து நாட்குறிப்பு எழுதிய இத்தாலியர் பிகாஃபெட்டாவோ, அவர் சுமத்ராக்காரர் என்கிறார். இந்த இரண்டு ஊர்ப் பெயர்கள்தாம் அவருடைய பூர்வீகம் பற்றி நம்மிடம் மிஞ்சியிருப்பவை. அப்பா பெயர் இல்லை, அம்மா பெயர் இல்லை, குலம் கோத்திரம் எதுவும் இல்லை.

மொழி தெரிந்தவர்

மூன்று மாதங்களுக்கு மேல் பசிபிக்கைக் கடந்து, பசியாலும் நோயாலும் பலரைப் பறிகொடுத்து, கப்பல்கள் பிலிப்பைன்ஸ் தீவுகளை அடைந்தன. 1521 மார்ச் 28ஆம் தேதி எட்டுப் பேர் ஒரு சிறு படகில் வந்தார்கள். என்ரிக் அவர்களோடு பேசினார். அவர்களுக்குப் புரிந்தது!

மேற்கே போனவர் மேற்கே போய்க்கொண்டே இருந்து, தம் மொழி புரிகிற இடத்துக்குத் திரும்ப வந்துவிட்டார். மீதம் இருந்தது அங்கிருந்து மலாக்கா வரையிலான தூரம் மட்டுமே. அதையும் கடந்திருந்தால் உலகை முதலில் சுற்றி வந்தவர் அவர்தான்.

இதை வைத்து, அவரே பிலிப்பைன்ஸ் தீவுகளில் பிறந்தவராக இருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால், அந்தக் காலத்தில் மலாய்தான் இந்தக் கடல் முழுக்க வணிக மொழி. அரசர்களுக்கு மற்றவர்களைவிட அதிக மொழிகள் தெரியும் என்று பிகாஃபெட்டாவே எழுதியிருக்கிறார். நம் தமிழ் வணிகர்களும் அந்தச் சந்தையில் இருந்தார்கள். கப்பல் 'காப்பால்' ஆனதும், கடை 'கெடாய்' ஆனதும் அந்தப் புழக்கத்தில்தானே!

கிடைக்காத விடுதலை

1521 ஏப்ரல் 27ஆம் தேதி மக்தான் தீவுச் சண்டையில் மெகல்லன் கொல்லப்பட்டார். உயிலின்படி அன்றைக்கே என்ரிக் சுதந்திர மனிதர்.

ஆனால் நடந்தது வேறு. சண்டையில் காயம்பட்டுப் படுத்திருந்தார் என்ரிக். புதிய தலைவர்களில் ஒருவரான துவார்த் பார்போசா, மெகல்லனின் மனைவி பேயத்ரிசுக்கு உறவினர். எஜமான் செத்தாலும் நீ விடுதலையாகவில்லை, ஸ்பெயின் போனதும் பேயத்ரிசுக்கு அடிமையாகத்தான் இருப்பாய், இப்போது கரைக்குப் போகாவிட்டால் சவுக்கடி விழும் என்று அவர் மிரட்டியதாகப் பிகாஃபெட்டா எழுதுகிறார்.

என்ரிக் எழுந்து கரைக்குப் போனார். மே 1ஆம் தேதி செபு அரசன் ஹுமாபோன் வைத்த விருந்துக்குப் போன பார்போசா உள்ளிட்டோர் வெட்டிச் சாய்க்கப்பட்டனர். அரசனைத் தூண்டிவிட்டது என்ரிக்தான் என்பது பிகாஃபெட்டாவின் குற்றச்சாட்டு. முகத்தில் காயத்தோடு கப்பலிலேயே தங்கிவிட்ட பிகாஃபெட்டா, கரையில் அரசனும் என்ரிக்கும் பேசியதை எப்படிக் கேட்டார்? என்ரிக்கின் தரப்பை யாரும் எழுதி வைக்கவில்லை.

கரையில் பிடிபட்டிருந்த கப்பல் தலைவர் செராவோ, மொழிபெயர்ப்பாளரைத் தவிர எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்று கத்திச் சொன்னார். என்ரிக்கைப் பற்றிய கடைசிச் செய்தி அதுதான். எழுதிக் கொடுத்த விடுதலை கிடைக்கவில்லை. தாமே எடுத்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் வீட்டுக் கதை

என் தாத்தா அடிமை அல்ல. கங்காணியோடு கப்பலேறி வந்து, மாசாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருந்தாலும் ஊர் எது என்று கேட்டால் "அங்கிட்டு, மருதப் பக்கம்" என்பதோடு நிறுத்திவிடுவார். கிராமத்தின் பெயரை அப்பாவும் கேட்டு வைக்கவில்லை. தாத்தா போன பிறகு கேட்க ஆளில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுக்குப் போயிருந்தேன். சென்னையில் ஒரு டீக்கடையில், "கொஞ்சம் அங்கிட்டு நகருங்கண்ணே" என்றேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "அண்ணனுக்கு மதுரையா?" என்றார். மூன்று தலைமுறை ஜொகூரில் வாழ்ந்த பிறகும், தாத்தாவின் ஊர் என் நாக்கில் இருந்திருக்கிறது. படகில் வந்தவர்கள் பதில் பேசியபோது என்ரிக்குக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது.

வீடு திரும்பும் வழியில் பேரன் கேட்டான்: "அவங்க அம்மா அவரை என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்க, தாத்தா?"

என்னிடம் பதில் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டை எடுத்து, எனக்குத் தெரிந்த தாத்தா பாட்டி பெயர்கள், வேலை பார்த்த தோட்டங்கள், பேச்சுவாக்கில் காதில் விழுந்த ஊர்ப் பெயர்கள் எல்லாவற்றையும் அவனையே எழுதச் சொன்னேன். இரண்டு பக்கம்கூட நிரம்பவில்லை. உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.