குப்பை போகும் இடமும் எங்கள் கிணறும்

அம்பிட்டியவில் எமது மாதர் சங்கக் கூட்டமொன்றில் சேமிப்புக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு தாய் எழுந்து, "மிஸ், கண்டி டவுன் குப்பை மேடு நெரம்பிப்போனா அடுத்தது எங்க கொட்டுவாங்க? நம்ம பக்கம் வந்துட்டா கெணத்துத் தண்ணி என்னாகும்?" என்று கேட்டார். மலைச்சரிவின் அடியில் அவர் வீடு. ஒரே கிணற்றில் ஐந்து குடும்பங்கள் தண்ணீர் அள்ளுகின்றன. அன்று அவருக்கு முழுமையான பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. அதனைத் தேடி அறிந்தபின் இங்கு எழுதுகிறேன்.

கண்டி நகரின் குப்பை பல தசாப்தங்களாக மகாவலிக் கரையிலுள்ள கொஹாகொடவில் கொட்டப்பட்டு வந்துள்ளது. குப்பையினூடாக இறங்கும் மழைநீர், அழுகிய சாற்றையும் உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கறுத்த கழிவுநீராக வெளியேறும். கொஹாகொடவில் இந்நீர் மகாவலியைச் சென்றடைவதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

ஆற்றில் கலப்பதையாவது கண்ணால் காணலாம். நிலத்துக்குள் இறங்குவதை யாரும் காண்பதில்லை. எமது மலைப்பகுதியில் மண்ணுக்கு அடியில் பாறை இருக்கிறது. மழைநீர் மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் இறங்கிச் சரிவின் கீழே கிணறாகவும் பீலியாகவும் வெளிவருகிறது. மேட்டில் கொட்டுவது பள்ளத்தில் குடிப்பவரைச் சேரும் வழி இதுதான்.

"கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா?" என்று பலர் கேட்கின்றனர். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். ஆனால் நைத்திரேற்றும் உலோகங்களும் போகமாட்டா. நீர் வற்றும்போது அவற்றின் செறிவு கூடவே செய்யும். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று உள்ள நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். இதனை நிறமோ சுவையோ காட்டிக்கொடுக்காது.

புத்தளம் மக்களுக்கும் இதே அச்சம் ஏற்பட்டது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அருவக்காட்டில், சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிகளில் கொழும்புக் குப்பையை நிரப்பும் திட்டம் வந்தது. அடியில் தடுப்பு விரிப்பு இடப்படும் என்றனர் அதிகாரிகள். சுண்ணாம்புக்கல்லில் நீர் எளிதில் ஊடுருவும், விரிப்புக் கிழிந்தால் எமது நிலத்தடி நீர் என்னாவது என்று கேட்டனர் மக்கள். 2018இல் தொடங்கிய சத்தியாக்கிரகம் பல மாதங்கள் நீடித்தது. பிள்ளைகளுடன் பெண்களும் அதில் அமர்ந்தனர். எனினும் 2019இல் குப்பை அங்கு செல்லத் தொடங்கியது.

அப்படியானால் குப்பை எங்கேதான் போவது? 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். "எங்கள் ஊரில் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், அது இன்னொரு தாயின் கிணற்றருகே போய்ச் சேரும். எமது வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. அதனைத் தனியாகப் பிரித்துப் பசளையாக்கினால் கழிவுநீரின் பெரும்பங்கு பிறக்கும் இடத்திலேயே குறைந்துவிடும்.

எமக்கு உரிமைகளும் உண்டு. தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, பெரிய திட்டமொன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால், கருத்துக் கூறப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், இடம் தெரிவுசெய்யப்பட்டுள்ளதா என்று பிரதேச சபையிடமோ மாநகர சபையிடமோ எழுத்தில் கேட்கலாம்.

அடுத்த கூட்டத்தில் இவற்றையெல்லாம் சொன்னேன். கேள்வி கேட்ட தாய் சற்று யோசித்து, "அப்ப குப்பை வர்றதுக்கு முன்னாடியே தண்ணிய சோதிச்சு வைக்கணும், இல்லையா மிஸ்?" என்றார். மிகச் சரியான பேச்சு. கிணறு நன்றாக இருந்தபோது எடுத்த அறிக்கை கையில் இல்லாவிட்டால், அது கெட்டபின் யாரிடம் போய் நிரூபிப்பது?

ஐந்து குடும்பங்களும் பணம் சேர்த்து நீர் மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுக்க முடிவு செய்துள்ளன. அறிக்கை சங்கத்தின் பெட்டியில் சேமிப்புப் புத்தகங்களோடு இருக்கும். சகோதரிகளே, உங்கள் ஊரிலும் இதனைச் செய்யலாம். கிணறும் நமது சேமிப்புத்தான்.